ஜண்டா பாய்க்கில் ஒரு வார இறுதி

கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலையில் கோம்பாக் சாவடியைத் தாண்டியதும் வண்டிக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடலாம். இரண்டு பக்கமும் காடு. பாதை வளைந்து ஏற ஏறக் காது லேசாக அடைக்கும். கெந்திங் செம்பா சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது சிலாங்கூர்; வெளியே வரும்போது பகாங். அதன்பின் நெடுஞ்சாலையை விட்டுப் பிரியும் சிறு சாலை மூங்கில் புதர்களையும் டுரியான் தோப்புகளையும் ஒட்டிப் போய்ச் சேரும் கம்பம்தான் ஜண்டா பாய்க். தலைநகரிலிருந்து ஒரு மணி நேரம் என்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து கிளம்புகிறவர்கள் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

மலாய்மொழியில் 'ஜண்டா' என்பது கணவனை இழந்தவளையும் குறிக்கும், மணவிலக்குப் பெற்றவளையும் குறிக்கும். 'பாய்க்' என்றால் நல்ல. பெயர்க் காரணம் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பெந்தோங் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் இது. பெனுஸ் ஆறு பாறைகளுக்கு இடையே சலசலவென்று ஓடுகிறது. விடுமுறை நாட்களில் ஆற்றோரமாகப் பாய் விரித்து, கோழியைச் சுட்டுச் சாப்பிடும் குடும்பங்களைப் பார்க்கலாம். இப்போது மர வீடுகளும் தங்கும் விடுதிகளும் பெருகிவிட்டன. அப்படியொரு விடுதியில்தான் வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு மதியம்வரை யோகா முகாம். இருவர் தங்கும் அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 680 வெள்ளி.

அந்தப் பணத்தைக் கட்டியதற்குக் காரணம் உண்டு. எனக்கு 44 வயது. ஷா ஆலமில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இ-இன்வாய்ஸ் வந்த பிறகு மாதக் கடைசி எப்படி இருக்கும் என்பதை அந்த வேலையில் இருப்பவர்களிடம் கேட்டால் தெரியும். நிறுவனத்தின் ஆண்டு மருத்துவச் சோதனையில் ரத்த அழுத்தம் 148-க்கு 94 என்று வந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தபோதும் ஏறக்குறைய அதே எண்தான். மருத்துவர் மூன்று மாதம் தந்தார். உப்பைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும், தூங்க வேண்டும். அப்படியும் இறங்காவிட்டால் மாத்திரை. அப்பா லாரி ஓட்டியவர். 54 வயதில் பக்கவாதத்தில் விழுந்தார், எழுந்திருக்கவில்லை. அதனால், தோழி ஒருத்தி புலனத்தில் இந்த விளம்பரத்தை அனுப்பியபோது அதிகம் யோசிக்காமல் பெயர் கொடுத்தேன்.

மொத்தம் 14 பேர். பெரும்பாலும் சீனர்கள். தமிழர்கள் மூன்று பேர்: நான், சைபர்ஜெயாவில் வேலை பார்க்கும் 28 வயதுப் பொறியியலாளர், 70 வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். பெரியவர் பிறந்தநாளுக்கு மகள் பணம் கட்டி அனுப்பிவைத்திருக்கிறார். "சட்டை துணி வாங்கிக் கொடுத்தா அலமாரியிலேயே வச்சிடுறேனாம். அதனால இந்த வருசம் இங்க தள்ளி விட்டுட்டா" என்றார்.

பயிற்சி கொடுத்தவர் ஈப்போவைச் சேர்ந்த சீனப் பெண்மணி. வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். பச்சிமோத்தானாசனம், அர்த்த மத்ஸ்யேந்திராசனம் என்றெல்லாம் அவர் தடுமாறாமல் சொன்னபோது, நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் எட்டு உறுப்பு யோகத்தை விரிவாகச் சொல்கிறது. பத்தாம் திருமுறையான அந்த நூலுக்குக் கோயிலில் மலர் போட்டு வணங்குகிறோம். அதில் சொன்னபடி உட்கார்ந்து மூச்சு விட்டுப் பார்க்க, ஈப்போவிலிருந்து ஒரு சீன ஆசிரியை வர வேண்டியிருக்கிறது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஊன்றிப் படித்தவர் சொல்லிக் கொடுக்கிறார், படிக்காதவர்கள் கேட்டுக்கொள்கிறோம். மந்திரம் சொல்வது அவரவர் விருப்பம் என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை 6 மணிக்கு, இருட்டு பிரியும் முன்னே முதல் வகுப்பு. கூடத்துக்கு மூன்று பக்கம் சுவர் கிடையாது. எதிரே மலை, அதன் மேல் பனி. சற்று நேரத்தில் காட்டுக்குள்ளிருந்து சியாமாங் குரங்குகள் குரல் கொடுக்க ஆரம்பித்தன. தொண்டைப் பையை ஊதிக்கொண்டு ஆணும் பெண்ணும் மாறி மாறிக் கூவும் அந்தச் சத்தம் மலைக்கு மலை எதிரொலித்தது. கைப்பேசியை இரவே ஒரு கூடையில் போட்டுவிட்டதால் யாராலும் அதைப் பதிவு செய்ய முடியவில்லை. பொறியியலாளர் தம்பிதான் அதற்கு ரொம்ப ஆதங்கப்பட்டார்.

வகுப்பு நான் நினைத்ததுபோல் தொடங்கவில்லை. முதல் கட்டளையே படுக்கச் சொன்னதுதான். சவாசனம். மல்லாந்து படுத்து, கால்களைச் சற்று அகட்டி, உள்ளங்கைகளை மேல்நோக்கி வைத்துச் சும்மா கிடக்க வேண்டும். இதற்கா 680 வெள்ளி என்று மனம் கணக்குப் போட்டது. பாதத்தை இறுக்கித் தளர்த்துங்கள், தொடையை இறுக்கித் தளர்த்துங்கள் என்று ஆசிரியை மேலே மேலே வந்தார். தோள் வந்தது. "தளர்த்துங்கள்" என்று அவர் சொன்ன பிறகுதான் என் தோள் காதை ஒட்டி ஏறிக் கிடந்தது எனக்கே தெரிந்தது. அடுத்தது தாடை. கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன. சுற்றிலும் காடு, குளிர்ந்த காற்று, என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அலுவலக மேசையில் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் இந்தத் தாடை என்ன செய்துகொண்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

பத்து நிமிடம் சும்மா கிடப்பதுதான் அந்த இரண்டு நாளில் எனக்கு ஆகக் கடினமாக இருந்த ஆசனம். புஜங்காசனத்தில் முதுகு வலித்தது. அது தெரிந்த வலி. சும்மா கிடக்கும்போது வந்தது வேறு. அனுப்பாத அறிக்கை, கட்டாத கார் தவணை, மகளின் எஸ்.பி.எம். தேர்வு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நின்றன. ஆசிரியை அதற்கு ஒரு வழி சொன்னார். எண்ணத்தைத் துரத்த வேண்டாம், மூச்சை வெளியே விடுவதை மட்டும் நீளமாக்குங்கள். நாலு எண்ணும்வரை உள்ளே, எட்டு எண்ணும்வரை வெளியே.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை நம் கையிலேயே தொட்டுப் பார்க்கலாம். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்தால் துடிப்பு கொஞ்சம் வேகமாகும். வெளியே விடும்போது நிதானப்படும். இதயத்தை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பு, மூச்சு வெளியேறும்போதுதான் கூடுதலாகச் செயல்படுகிறது. ஆக, வெளிமூச்சு நீள நீள இதயம் இளைப்பாறுகிறது. வயது கூடக் கூட இந்த வேறுபாடு குறைவாகத் தெரியும் என்றாலும், எனக்கு விரலில் நன்றாகவே தெரிந்தது. மற்றவர்கள் மூச்சை உள்ளே நிறுத்திவைத்துப் பழகியபோது, அழுத்தம் உள்ள மூன்று பேரை மட்டும் ஆசிரியை தடுத்துவிட்டார். எங்களுக்கு மூச்சை அடக்கும் பயிற்சி கிடையாது, வயிற்றை வேகமாக உதறும் கபாலபாதி கிடையாது, சிரசாசனமும் கிடையாது. முதல் நாள் இரவே எல்லாரிடமும் நோய் விவரம் எழுதி வாங்கியிருந்தார்.

உட்காருவது அடுத்த கதை. சம்மணம் போட்டு இருபது நிமிடம் உட்காரச் சொன்னதும் தினமும் ஜிம்முக்குப் போகும் நம் பொறியியலாளருக்கு முழங்கால் இரண்டும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றன. பெரியவர் பாட்டுக்கு அமர்ந்துவிட்டார். "பிரட்டுக் களத்துல, பந்தியில எல்லாம் இப்படித்தானே உக்காந்தோம்" என்றார் அவர். இடுப்பு மூட்டு சரியாகத் திரும்பாதபோது அந்தத் திருகல் முழங்காலுக்குப் போய்விடும், அதனால்தான் பிடிவாதமாகப் பத்மாசனம் போட முயல்கிறவர்கள் முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்றார் ஆசிரியை. தம்பிக்கு இரண்டு போர்வையை மடித்து உட்காரும் இடத்தில் வைத்தார். கால் தானாகவே இறங்கியது. கட்டை, போர்வை, வார்ப்பட்டை என்று துணைப்பொருள்களைப் பரவலாக்கியவர் பி.கே.எஸ். ஐயங்கார். சிறு வயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று நோயோடு போராடிய உடம்பு அவருடையது. அந்த உடம்போடு யோகம் பழகியவருக்குத்தான் மற்றவர்களின் இயலாமை புரிந்திருக்கும். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை வந்து 15 வருடம் ஆகிறது. என் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது கல்யாண வீட்டில்கூட இல்லை.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பூண்டு, வெங்காயம் இல்லாத சைவம். பழுப்பரிசிச் சோறு, தோஃபு, தெம்பே, பூச்சோக் பாக்கு என்ற காட்டுக்கீரை. கீரை அபாரம். காப்பியும் தேநீரும் கிடையாது. சனிக்கிழமை மதியம் பாதிப் பேருக்குத் தலைவலி. உடலிலிருந்து நச்சு வெளியேறுகிறது என்று யாரோ சொன்னார்கள். தினமும் மூன்று கோப்பை குடித்துப் பழகியவர்கள் திடீரென நிறுத்தினால் வரும் தலைவலிதான் அது, நச்சுமில்லை ஒன்றுமில்லை. இந்த மாதிரி முகாம்களில் நல்ல விஷயங்களோடு இப்படிச் சில கதைகளும் கலந்து வரும். வாசலில் வைத்து விற்ற வெண்கலக் கிண்ணமும் 'சக்தியூட்டிய' கல் மாலையும் அந்த வகைதான்.

கூடத்தின் முன்பக்கம் காவி உடுத்திய, மொட்டைத் தலையுடன் கூடிய ஓர் ஆஜானுபாகுவின் படம் இருந்தது. தன் ஆசிரியருக்கு ஆசிரியர், சுவாமி சிவானந்தர், ரிஷிகேசத்தில் வாழ்ந்தவர் என்று ஈப்போ ஆசிரியை அறிமுகப்படுத்தினார். சனிக்கிழமை மதிய ஓய்வில் ஆற்றோரம் உட்கார்ந்திருந்தபோது பெரியவர் அந்தப் பேச்சை எடுத்தார்.

"ரிஷிகேசம் எல்லாம் பெறவும்மா. அவரு மொதல்ல நம்ம ஆளு. எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டரு, சிரம்பான் பக்கத்துல."

பெரியவரும் ஓய்வு பெற்ற தோட்டத்து டிரஸ்ஸர். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் 30 ஆண்டுக்கு மேல் மருந்து கொடுத்தவர். அந்த உரிமையில் சொன்னார். சொன்னது உண்மைதான். திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் 1887-இல் பிறந்த குப்புசாமி, தஞ்சாவூரில் மருத்துவம் படித்து 1913-இல் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். சிரம்பானுக்கு அருகே தோட்ட மருத்துவமனையிலும், பிறகு ஜோகூர் பாருவிலும் பத்து ஆண்டுகள் வேலை பார்த்தார். 1923-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பினார். அடுத்த ஆண்டு ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சிவானந்தர் ஆனார். 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் 1950-களில் மேற்கு நாடுகளுக்குப் போய், கனடாவின் மாண்ட்ரியலில் மையம் அமைத்து, 12 ஆசனங்கள் கொண்ட பாடமுறையைப் பரப்பினார். அந்தப் பாடமுறைதான் உலகைச் சுற்றிவிட்டு ஜண்டா பாய்க்கில் எங்கள் முன் வந்து நின்றது. பத்துமலையில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் ஆசிரமம் இருப்பது பலருக்குத் தெரியும். தைப்பூசத்துக்குப் போகிறபோது அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்து எத்தனை தடவை போயிருப்பேன்.

பத்தமடை என்றாலே கோரைப்பாய்தான் நினைவுக்கு வரும். பட்டுப்போல மடியும் பாய் நெய்யும் ஊரில் பிறந்தவர், ரப்பர் தோட்டத்துக்கு வந்து வைத்தியம் பார்த்திருக்கிறார். நாங்கள் 120 வெள்ளி கொடுத்து வாங்கிய ரப்பர் பாயில் அவர் பெயரைச் சொல்லிப் படுத்துக் கிடக்கிறோம்.

"எதுக்கு யோகாவுக்கு வந்தீங்க?" என்று பெரியவர் கேட்டார். ரத்த அழுத்தத்தையும் அப்பாவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கப்பா தலைவலிக்கு என்ன போடுவாரு?"

"கோடாலித் தைலம். எப்பவும் சட்டைப் பையில இருக்கும்."

"அதான். எங்கிட்டயும் அப்படித்தாம்மா வருவாங்க. தலை சுத்துது, பிடரி கனக்குது, தைலம் குடுங்க ஐயான்னு. உக்காருங்க, பிரஷர் பாப்போம்னா உக்கார மாட்டாங்க. வேலைக்கு நேரமாச்சும்பாங்க. எனக்கு வலிக்கலையே, எதுக்கு மாத்திரைம்பாங்க. ஒரு நாளு பெரட்டுக்கு வர மாட்டாங்க. போய்ப் பாத்தா வாய் கோணிக் கெடப்பாங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?" என்றார்.

"அண்ணன் ஒருத்தர். கிள்ளான்ல. அவரும் லாரிதான்."

"வயசு?"

"49."

"அளந்து பாத்தாச்சா?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் பத்தில் மூன்று பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. அந்த எண்ணைப் பத்திரிகையில் படித்தது நினைவிருக்கிறது. அண்ணனோடு அதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றியதில்லை. அண்ணன் சிரித்த முகம், பருத்த உடம்பு, காலையில் நாசி லெமாக், ராத்திரி மாமாக் கடையில் தே தாரேக். நோயாளி மாதிரி இருக்கவே மாட்டார். அப்பாவும் அப்படித்தான் இருந்தார்.

அன்று மாலை வகுப்பில் ஹலாசனமும் மத்ஸ்யாசனமும் போட்டோம். அவற்றைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. இரவு 9 மணிக்கே தூங்கி விடிய 5 மணிக்கு எழுந்தேன். நடுவில் விழிப்பு வரவில்லை. மலைக் குளிரா, கைப்பேசி இல்லாததா, உடல் களைப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஞாயிறு காலை வகுப்பில் சவாசனத்தில் பல் கடிக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

இப்படியொரு முகாமுக்குப் போக எண்ணுகிறவர்கள் மலைக்காட்சிப் படங்களை ஒதுக்கிவைத்துவிட்டுச் சிலவற்றை விசாரித்துக்கொள்ளுங்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர்? 15-க்கு மேல் என்றால் உங்கள் முழங்காலை யாரும் பார்க்கப்போவதில்லை. நோய் விவரம் கேட்கிறார்களா? கேட்காதவர்களிடம் போகாதீர்கள். கண் அழுத்த நோய், உயர் ரத்த அழுத்தம், கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்களைத் தலைகீழாக நிற்கச் சொல்பவர் எவ்வளவு பெரிய பட்டம் வைத்திருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். மாத்திரையை நிறுத்தினால்தான் யோகா பலிக்கும் என்று சொல்பவர் இன்னும் ஆபத்தானவர். 680 வெள்ளி இல்லையென்றாலும் குறையில்லை. கோயில் மண்டபங்களிலும் சமூக மண்டபங்களிலும் வாராந்திர வகுப்புகள் நடக்கின்றன. வாரம் ஒரு நாள் என்று ஒரு வருடம் போகிறவர், வருடத்தில் ஒரு வார இறுதி போகிறவரைவிட நிச்சயம் மேல். மலைக்குப் போவதால் கிடைப்பது ஒன்றுதான்: எட்டி நின்று நம் தாடையைக் கவனிக்க இரண்டு நாள் அவகாசம்.

ஞாயிறு மாலை கோம்பாக்கில் வழக்கம்போல் நெரிசல். நேரே வீட்டுக்குப் போகாமல், வழியில் ஒரு மருந்தகத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கிக்கொண்டு கிள்ளானுக்கு விட்டேன். அண்ணன் வாசலில் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார். "என்னா, சாமியாராகி வந்திருக்கியா?" என்று சிரித்தார். முதலில் எனக்கு எடுத்துக் காட்டினேன். பிறகு அண்ணி மிரட்டியதில் கையை நீட்டினார். பட்டை உப்பி, தளர்ந்து, எண் நின்றது. 172-க்கு 104. ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லி மறுபடி எடுத்தேன். 168-க்கு 102.

"கருவி புதுசு, அப்படித்தான் காட்டும்" என்றார். என் எண்ணைக் காட்டினேன், 138. கொஞ்ச நேரம் பேசவில்லை. "தலைவலி வருதாண்ணே?" என்று கேட்டேன். அண்ணிதான் பதில் சொன்னார், "தைலம் மாசம் ரெண்டு புட்டி வாங்குறேன்."

நாளைக்கு நான் விடுப்பு. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் கட்டணம், ஆனால் காலை 7 மணிக்கே போய் நம்பர் எடுக்க வேண்டும். அண்ணன் லாரியைச் சகலையிடம் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆறரைக்கு நானே போய் ஏற்றிக்கொள்ளப் போகிறேன்.